சகலையும் சாஸ்தாவும் பங்குனி வெயிலும்

உள்ளூர்க்காரன் தன் ஊரைச் சுற்றிப் பார்ப்பது விருந்தாளி வந்தால்தான். மற்ற நாளில் மணப்பாடு எனக்கு ஒரு பஸ்ஸின் போர்டு. கூந்தன்குளம், வருஷத்துக்கு ஒரு தடவை தினசரியில் வரும் நாரைப் படம். தேரிக்காடு, கயிற்றை அறுத்துக்கொண்டு போன கன்றுக்குட்டியைத் தேடிப் போகிற இடம். உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே ஒரு சின்ன ஊரில் உரக்கடை வைத்திருக்கிறவன், செம்மண் மேட்டில் ஏறி நின்று சூரியன் மறைவதை எதற்காகப் பார்க்க வேண்டும்? அது தினமும்தான் மறைகிறது. அதுவும் வியாபார நேரத்தில்.

பங்குனி பிறந்ததும் இந்த நிம்மதி போய்விடும். எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரம் என்றால் சாஸ்தா. மற்ற ஊர்களில் அன்றைக்குச் சாமிகளுக்குக் கல்யாணம் நடக்கட்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்து மனிதன் சென்னையில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும் அன்று தன் குலதெய்வமான சாஸ்தாவின் முன்னால் வந்து நின்றாக வேண்டும். 60 நாளுக்கு முன்பு காலை எட்டு மணிக்கு ரயில் முன்பதிவு திறக்கும். நெல்லை எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ், செந்தூர் எக்ஸ்பிரஸ் எல்லாவற்றிலும் காப்பி ஆறுவதற்குள் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடும். டிக்கெட் கிடைத்தவன் வந்து, கும்பிட்டு, திரும்பிப் போய்விடுவான். கிடைக்காதவன் கார் எடுத்துக்கொண்டு வருவான். ஆபத்து அவனால்தான். வண்டி கையில் இருக்கிறதே, நாலு இடம் பார்த்துவிட்டுப் போவோம் என்று அவனுக்குத் தோன்றும்.

என் சகலை கார் எடுத்துக்கொண்டு வந்தார். என் மனைவியின் தங்கை கணவர். சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த கையோடு, உத்திரத்துக்கு முன்னதாகவே குடும்பத்தோடு வந்து இறங்கினார். இறங்கியவர் தண்ணீர் கேட்கவில்லை, வைஃபை பாஸ்வேர்டும் கேட்கவில்லை. அப்போதே எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. போனை எடுத்து நீட்டினார். அதில் மஞ்சள், பச்சை, ரோஸ் நிறங்களில் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை. ‘கிராமத்து வசந்தம்’ என்று தலைப்பு வேறு.

பத்து மணி முதல் பதினொன்று வரை பனையேறியுடன் உரையாடல். பதினொன்று முதல் ஒன்று வரை தேரியில் மலையேற்றம். அப்புறம் தோட்டத்தில் மதியச் சாப்பாடு. இரண்டு முதல் நாலு வரை பறவை பார்த்தல். நாலு முதல் ஐந்து வரை பம்ப்செட் குளியல். ஐந்து மணியிலிருந்து ஓய்வு.

“எப்படி சகல?” என்றார்.

நான் அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “ரெண்டு மணிக்குப் பறவை பாக்கணுமாமா? அந்த நேரத்துக்குப் பறவையே வெளிய வராதேடா!”

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கக் காலண்டர் பங்குனியைப் பின்பனி என்கிறது. சித்திரையும் வைகாசியும் இளவேனிலாம். அந்தச் சுவருக்குக் கீழே கிடக்கும் தினசரியோ, ‘பாளையங்கோட்டையில் வெயில் சதம் அடித்தது’ என்கிறது. இரண்டும் பொய்யில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் இளவேனில் முற்றத்தில்தான் இருக்கும். வேப்பம்பூ கோலத்தை மறைத்துக்கொண்டு உதிர்ந்து கிடக்கும். புங்கமரம் முழுக்கப் புதுத்தளிர். முந்திரித் தோப்புப் பக்கமிருந்து பழவாசம். குயில் ஒன்று, பதில் வருகிறதோ இல்லையோ, விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். எட்டரை மணிக்கு இளவேனில் கிளம்பிப் போய்விடும். மறுபடி சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து இருட்டும்வரை இருக்கும். நடுவில் உள்ள நேரம் அக்கினிக்குப் பாத்தியப்பட்டது. சகலையின் அட்டவணை முழுவதும் அந்த நடுநேரத்தில் விழுந்திருந்தது. ஓய்வு மட்டும்தான் இளவேனிலில்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அவரை எழுப்பினேன். “பனையேறி பத்து மணிக்குன்னுல்ல போட்டிருந்தேன்?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“பத்து மணிக்கு அவரு தூங்கிக்கிட்டிருப்பாரு. வாங்க.”

நாங்கள் பனங்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பனையேறி ஏழெட்டு மரம் முடித்திருந்தார். பருவம் தொடங்கிவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. முப்பது நாற்பது மரம், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி. மேலே போய்ப் பாளையின் நுனியை ஒரு தாள் கனத்துக்குச் சீவிவிட்டு, நிறைந்த கலயத்தை இறக்கி, புதுக் கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருக்கும். சுண்ணாம்பு இருந்தால் இறங்குவது பதநீர், எங்கள் வாயில் பதனி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே சாறு விடிவதற்குள் புளித்துக் கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987-லிருந்து தடை. ஆக, பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பும் ஒரு போலீஸ் ஸ்டேஷனும்தான்.

அறுபதை நெருங்கும் அந்த மனிதர் இறங்கி வருவதைச் சகலை வாயைப் பிளந்து பார்த்தார். அவர் மாதாமாதம் ஜிம்முக்குக் கட்டுகிற பணத்தில் இங்கே நாலு பனைமரம் குத்தகைக்கு எடுக்கலாம்.

“அண்ணே, கோர் ஸ்ட்ரெங்த்துக்கு என்ன பண்றீங்க?”

பனையேறி என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். “வயித்துக்கு என்ன பண்ணுதீயன்னு கேக்காரு.”

“வயித்துக்கா? காலைல கஞ்சி குடிப்பேன் தம்பி.”

பச்சைப் பனையோலையை விரித்து, மடித்து, ஒரு முனையை ஓலை ஈர்க்காலேயே கட்டி, பட்டை பிடித்துக் கொடுத்தார். பட்டையில் பதநீர் குடிப்பது ஒரு தனி வித்தை. இரண்டு கையாலும் அடியில் ஏந்த வேண்டும். வாயை நடு மடிப்புக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். தலையைக் கொஞ்சம்தான் சாய்க்க வேண்டும். சகலை கண்ணாடி டம்ளர் பழக்கத்தில் பட்டையைச் சாய்த்தார். பாதி வாய்க்குள் போயிற்று. கால்வாசி இரண்டு காது ஓரமாகவும் போயிற்று. மிச்சத்தை ‘சேவ் தி பிளானட்’ என்று எழுதியிருந்த பனியன் குடித்தது. நாக்கில் முதலில் சுண்ணாம்பு லேசாக உறுத்தும், உடனே இனிப்பு வரும், கடைசியில் ஓலை வாசம் நிற்கும். அந்த மூன்றாவது கட்டத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் என் காதருகே வந்தார்.

“சகல, சும்மா ஒரு நாலெட்ஜுக்குக் கேக்கறேன். சுண்ணாம்பு தடவாத கலயம் ஏதாச்சும்...”

அவர் கிசுகிசுத்தது பனையேறிக்கும் கேட்டுவிட்டது. கலயத்தைக் கீழே வைத்தார். “தம்பி எந்த டிப்பார்ட்மெண்டு?”

“ஐ.டி. அண்ணே.”

“ஐயோ, நமக்கு அவ்வளவு வருமானமெல்லாம் இல்ல தம்பி” என்று அவர் அடுத்த மரத்தைப் பார்த்து நடந்துவிட்டார். ஐ.டி. என்றால் இங்கே இன்னும் ரெய்டுதான்.

பிள்ளைகளுக்கு நுங்கு. பெரியவள் ஸ்பூன் கேட்டாள். சின்னவன் கேட்கவில்லை, பெருவிரலை நுங்கின் கண்ணுக்குள் ஒரே குத்தாகக் குத்தினான். தண்ணீர் பீய்ச்சி அவன் அம்மாவின் புதுச் சுடிதாரில் தெறித்தது. நுங்குக் கறை எந்தச் சோப்புக்கும் அசையாது. கொழுந்தியாள் அதற்கு என்னைத்தான் முறைத்தாள். “ஏன் அத்தான், முன்னாலயே சொல்லக் கூடாதா?”

தேரிக்கு வெயிலாறப் போவோம் என்று சொல்லிப் பார்த்தேன். அட்டவணையில் பனையேறி கட்டம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்ததால் சகலை இதில் விட்டுக்கொடுக்கவில்லை. பதினொரு மணிக்கே கிளம்பினோம். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில் இந்தச் சிவப்பு மணல் மேடுகள் மைல் கணக்கில் கிடக்கின்றன. மணலில் இரும்புத் துரு கலந்திருப்பதால் அந்த நிறம். ஆனி, ஆடிக் காற்றில் மேடு இடம் மாறிவிடும். போன வருஷம் உட்கார்ந்து சாப்பிட்ட மேட்டை இந்த வருஷம் தேட வேண்டும். முந்திரியும் பனையும் நட்டு அங்கங்கே அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். சகலை மலையேற்ற ஷூ வாங்கி வந்திருந்தார். அந்த ஷூ பாறைக்குச் செய்தது. தேரியில் கால் கணுக்கால்வரை இறங்கும்; ஷூவுக்குள் மணல் போகும்; போன மணல் வெளியே வராது. ஒவ்வோர் அடிக்கும் அவர் எடை கூடிக்கொண்டே போயிற்று.

நானும் கொழுந்தியாளும் பிள்ளைகளும் முந்திரி நிழலில் இருந்து பார்த்தோம். உச்சிக்குப் போய், போனை உயர்த்தி, சிரித்து, செல்ஃபி எடுக்கப் போனார். சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். இறங்கி வந்தபின்தான் விஷயம் தெரிந்தது. சூடு தாங்கவில்லை என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுப் போன் தானாகவே அணைந்திருக்கிறது. இத்தனை பேரில் வெயிலைப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

சாயங்காலம் மறுபடி போனோம். இந்தத் தடவை செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு. வெயில் சாயச்சாய மணல் செங்கல் நிறத்திலிருந்து குங்கும நிறத்துக்குப் போவதை நானும் பார்த்தேன். பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து மேட்டில் கல்யாணப் படம் எடுக்க வந்த ஒரு ஜோடி. மணப்பெண்ணின் பாவாடையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவன் மேட்டிலிருந்து உருண்டு இறங்கினான். ராத்திரி அவன் காதிலிருந்து வந்த மணலில் ஒரு முருங்கை நடலாம்.

உத்திரத்துக்கு முந்தின ராத்திரி, சோறு பரிமாறிக்கொண்டே அம்மா கேட்டாள். “தம்பி, உங்க சாஸ்தா எது?”

அட்டவணையில் ‘சாஸ்தா கோயில், 9.00’ என்று பச்சைக் கட்டத்தில் இருந்தது. எந்தச் சாஸ்தா என்று இல்லை.

“உங்க சாஸ்தாதானே அத்தை?”

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டாள். எங்கள் சாஸ்தா எங்களுக்கு. வாக்கப்பட்டுப் போனவளுக்குப் புருஷன் வீட்டுச் சாஸ்தா. அக்காவும் தங்கையும் ஒரே வயிற்றில் பிறந்திருந்தாலும் உத்திரத்தன்று போகிற கோயில் வேறு வேறு. குலதெய்வம் எது என்றே தெரியாதவர்கள் திருச்செந்தூர் முருகனை வைத்துக் கும்பிடலாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழி சொல்வார்கள். அம்மா அதற்கு ஒப்பவில்லை. “இருக்கிற சாமிய வச்சுக்கிட்டு இன்னொரு சாமிகிட்ட போனா அவரு என்ன நினைப்பாரு?”

சகலை தாம்பரத்தில் இருக்கும் தன் அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பா, “குளத்துக்கரைல இருக்கும்டா. பெரிய மருதமரம் ஒண்ணு. முன்னால குதிரை நிக்கும்” என்றார். எங்கள் மாவட்டத்தில் சாஸ்தா இல்லாத குளமும் இல்லை, குதிரை இல்லாத சாஸ்தாவும் இல்லை. அடுத்தது மும்பையில் இருக்கும் அத்தை. “பேரு ‘உடையார்’னு முடியும். நான் சின்னப் பிள்ளைல போனது. அங்க புளியோதரை நல்லாருக்கும்” என்றாள். முகவரி அவ்வளவுதான்.

உத்திரத்தன்று விடிகாலையில் கிளம்பினோம். அன்றைக்குத் தெற்கத்திச் சாலைகளைப் பார்க்க வேண்டும். வேன் வேனாக மனிதர்கள். மடியில் பொங்கல் பானை, காலடியில் விறகு, கூரையில் கட்டிவைத்த ஆடு. ஆடு சாஸ்தாவுக்கு இல்லை; அவர் சைவம். கூடவே நிற்கிற சுடலைமாடனுக்கும் கருப்பனுக்கும். குளக்கரை குளக்கரையாக இறங்கினோம். ஒவ்வொரு கோயிலிலும் “யாரு வகையறா?” என்று கேட்டார்கள். சகலை தாத்தா பேரைச் சொன்னார். அவர்கள் மேலே பார்த்து யோசித்தார்கள். “இல்லியே” என்றார்கள். இல்லை என்று சொன்ன கையோடு ஒரு வாழை இலை நறுக்கில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள். சாமி கிடைக்கவில்லையே தவிர, பொங்கல் கிடைத்துக்கொண்டே இருந்தது. வில்லிசை நடக்கிற இடத்தில் கொஞ்சம் நின்றோம். ஓர் இடத்தில் தாமரை பூத்த குளம். இன்னோர் இடத்தில் சின்னவனைவிட உயரமான மண் குதிரை. அதன் பல்லை எண்ணாமல் வர மாட்டேன் என்று அவன் உட்கார்ந்துவிட்டான். அட்டவணைக்காரர் ஏற்பாடு செய்திருந்தால்கூட இவ்வளவு இடம் காட்டியிருக்க முடியாது.

வெயில் ஏறிக் கண் கூசுகிற நேரத்தில் அந்தக் கோயில் அகப்பட்டது. குளத்துக்கரை, மருதமரம், குதிரை. எல்லாம் இதற்கு முந்தின இடங்களிலும் இருந்தவைதான். மரத்தடியில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் வரி வாங்கிக்கொண்டிருந்தார். தகரப்பெட்டியில் நாலு தலைமுறை நோட்டுகள்.

“யாரு மகன்?”

சகலை சொன்னார்.

“தெரியலியே. யாரு பேரன்?”

சொன்னார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “பட்டணத்துக்குப் போன சைக்கிள்கடைக்காரர் பேரனா நீ?”

பெட்டியின் அடியிலிருந்து ஒரு நோட்டு வந்தது. அட்டை போய், நூல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். நீல மை மங்கிப் பழுப்பாகிவிட்ட ஒரு வரியில் விரல் நின்றது. சகலையின் தாத்தா பேர். அதற்கு நேராக, அடிக்கோடு போட்டு: பாக்கி ரூ. 7.50.

“ஏழரையா!” என்றாள் அம்மா. “அதான் இத்தனை வருஷமா பிடிச்சு ஆட்டிருக்கு.”

“உங்க ப்ரமோஷன் தள்ளிக்கிட்டே போறது இப்பதாங்க புரியுது” என்றாள் கொழுந்தியாள்.

உண்டியலில் ஒட்டியிருந்த கட்டத்தைச் சகலை போனால் படம் பிடித்து ஏழு ரூபாய் ஐம்பது காசு அனுப்பினார். பெரியவர் அசையவில்லை. “பாக்கிய மட்டும் தீர்த்தா எப்படி? இடைல உள்ள வரி? உங்கப்பாவுக்குக் கல்யாணம் ஆனதிலேருந்து ஒரு வரி. உனக்கு ஆனதிலேருந்து ஒரு வரி.”

“வட்டி உண்டா அண்ணாச்சி?” என்று நான் இடையில் புகுந்தேன். உரக்கடைக்காரனுக்கு அதுதான் தோன்றும்.

“சாஸ்தா என்ன வட்டிக்கடையா வச்சிருக்காரு?” என்றார் பெரியவர். “வட்டி வேண்டாம். கோயிலுக்கு ஒரு வெண்கல மணி கொறையுது. அத வாங்கிக் குடுத்திரச் சொல்லுங்க.”

கணக்கை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது சகலையைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றிருந்தது. எல்லோருக்கும் அவருடைய மூக்கு. பங்காளிகள். ஒருவர் சூரத்தில் துணி வியாபாரம், ஒருவர் திருப்பூர், ஒருவர் சோழிங்கநல்லூர். அந்தச் சோழிங்கநல்லூர் மூக்கு, சகலையின் வீட்டுக்கு அடுத்த தெருவில் எட்டு வருஷமாக இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கடையில் பால் வாங்குகிறார்கள். இந்தக் குளக்கரையில்தான் முதல் தடவை பேசினார்கள். பேசியது அபார்ட்மெண்ட் பராமரிப்புக் கட்டணம் பற்றி.

அத்தையின் புளியோதரை பற்றியும் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே நன்றாக இருந்தது.

அதன்பிறகு சகலை அட்டவணையைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் கோடை நடுப்பகலுக்கென்று ஒரு வெளிப்புற நடவடிக்கை உண்டு. வேப்பமரத்தடியில் நார்க்கட்டிலைப் போட்டு, ஈரத்துண்டை முகத்தில் போர்த்திக்கொண்டு படுப்பது. பதினொரு மணிக்குத் தொடங்கி நாலு மணிவரை போகும். ரொம்ப முன்னேறியவர்கள் நிழல் நகர நகரத் தூக்கம் கலையாமலே கட்டிலையும் நகர்த்திக்கொள்வார்கள். சகலை முதல் நாள் நிழலை விட்டுவிட்டு வெயிலில் எழுந்தார். அடுத்த நாளே பழகிக்கொண்டார். உதிர்கிற பூவில் அவர் வாய்க்குள் விழுந்தது போக மிச்சத்தை அம்மா முறத்தில் கூட்டி ரசத்துக்கு வைத்துக்கொண்டாள்.

பம்ப்செட் குளியலுக்குப் பிள்ளைகள் நாலு மணிக்கே துண்டும் கையுமாகத் தொட்டிப் பக்கம் போய் வரிசையில் நின்றார்கள். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். அது முறை வைத்து வரும். முறை எப்போது என்பது அதற்கு மட்டுமே தெரியும். இருட்டி, சாப்பிட்டு, படுத்த பிறகு தோட்டத்தில் மோட்டார் உறுமியது. பிள்ளைகள் பாயிலிருந்து எழுந்து ஓடினார்கள். பின்னாலேயே சகலை, அவர் பின்னால் டார்ச்சோடு நான். பகல் முழுக்கச் சுட்ட மண்ணுக்குள்ளிருந்து அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் வருகிறது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடமும் சொல்லவில்லை. பெரியவள் பல் கிட்ட, “பெரியப்பா, இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்” என்றாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் திருடன் என்று நினைத்துக் கம்போடு வந்தவர், கம்பைச் சாத்தி வைத்துவிட்டுத் தானும் குளித்துவிட்டுப் போனார்.

கூந்தன்குளத்துக்கு என் யோசனைப்படி கருக்கலிலேயே போனோம். நாங்குநேரி வட்டத்தில் இருக்கிற இந்த ஊர்க் குளம் 1994-ல் பறவைகள் சரணாலயமானது. ஆனால் அதற்கு ரொம்பக் காலம் முன்பே பறவைகள் ஊரைத் தத்தெடுத்துவிட்டன. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களில் மட்டுமல்ல, தெருவில், வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டியிருக்கும். குஞ்சுகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி வைப்பதில்லை. இமயமலைக்கு மேலே பறந்து வரும் வரித்தலை வாத்துகூட விசா இல்லாமல் இங்கே வந்து தங்கிவிட்டுப் போகிறது.

சகலை பைனாகுலரோடு பதுங்கிப் பதுங்கி நடந்தார். “ஷ்ஷ்” என்று எங்களையும் அடக்கினார். அவர் தலைக்கு நேர் மேலே கூடு. கூட்டுக்கு நேர் கீழே ஒரு அம்மா, பால் வாங்கப் போகாத மகனை ஊருக்கே கேட்கிற குரலில் ஏசிக்கொண்டிருந்தாள். நாரைகள் அதைச் சட்டை செய்யவே இல்லை. பதுங்கி வருகிற இந்த மனிதனைத்தான் கழுத்தை வளைத்து வளைத்துச் சந்தேகத்தோடு பார்த்தன. பறவைகளின் எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று அங்கே சொன்னார்கள். என் தொழிலுக்குப் போட்டி என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் சகலையின் வெள்ளைச் சட்டைக்கும் கொஞ்சம் உரம் கிடைத்திருந்தது.

திரும்பும்போது ஆதிச்சநல்லூரில் இறங்கினோம். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டத் தொடங்கிய இடம். இப்போது குழிகளுக்கு மேல் கண்ணாடி பதித்து, முதுமக்கள் தாழிகளை மேலே நின்றே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். சின்னவன் குனிந்து பார்த்தான். “ஆச்சி, இவங்க ஏன் பானைக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டாங்க?”

“வெயிலுக்குத்தான்யா” என்றாள் அம்மா.

குற்றாலம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சகலை ஒரு வீடியோவைக் காட்டி, பாருங்க எவ்வளவு தண்ணி என்றார். அது ஆடிச் சாரலில் எடுத்தது. பங்குனியில் குற்றாலத்தில் பாறையிலிருந்து இறங்குவது குரங்குகள் மட்டும். ஆனாலும் போனோம், அவையும் இறங்கின, வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். மணப்பாட்டில் நல்ல காற்று. 1542-ல் புனித சவேரியார் வந்து தங்கியதாகச் சொல்லும் குகை, குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே கடலில் பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் பையன்கள். கட்டுமரத்திலிருந்து வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அவர்களை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இவனுவ இன்னும் ஒரு மீன்கூடப் பிடிக்கலியே” என்றார்.

கிளம்பும் நாளில் காரின் டிக்கி நிரம்பியது. உடன்குடிக் கருப்பட்டி, முதலூர் மஸ்கோத் அல்வா, ஒரு கட்டு முருங்கைக்காய், குலையோடு நுங்கு, அம்மா காயவைத்த வேப்பம்பூ. சகலை மேல் எப்படியோ பாசம் வைத்துவிட்ட பனையேறி, இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் பதநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். “தம்பி, உச்சிக்கு முன்னால குடிச்சிரணும். மூடிய இறுக்கிப் பூட்டிராதிய.”

“ஐஸ் பெட்டி இருக்கண்ணே” என்றார் சகலை. ஐஸ் பெட்டியில் ஏற்கெனவே அல்வா உட்கார்ந்திருந்தது. பாட்டில்கள் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போயின.

சாயங்காலம், திருச்சி தாண்டி ஒரு டோல்கேட் பக்கத்திலிருந்து போன் வந்தது.

“சகல, டிக்கில டப்புன்னு ஒரு சத்தம். டயர்னு நினைச்சு இறங்கிப் பார்த்தா பாட்டில் மூடி பறந்திருக்கு. நுரை நுரையா பொங்குது. வாசம் ஒரு மாதிரியா இருக்கு.”

“எந்த மாதிரி?”

கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. “அன்னிக்கு நான் பனையேறிகிட்ட கேட்டேன்ல, அந்த மாதிரி.”

“கொழுந்தியா என்ன சொல்லுதா?”

“அப்படியே கீழ ஊத்துங்கறா. ஊத்திட்டேன். இன்னொரு பாட்டில் இருக்கு. அது வயித்த உப்பிக்கிட்டு நிக்குது, இன்னும் வெடிக்கல. என்ன செய்யட்டும்?”

“முன்னால போலீஸ் ஜீப்பு ஏதும் நிக்கா?”

“நிக்குது.”

“அப்ப அந்தப் பாட்டிலக் கொழுந்தியா மடில வச்சு, மூடிய அழுத்திப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. அவ முகத்தப் பாத்தா எந்தப் போலீசும் கேள்வி கேக்க மாட்டான்” என்றேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது.